மர வில்லையில் பெயர் எழுதுவதற்கு முன்: கிறிஸ்துமஸ் தொங்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகளின் முதல் கிறிஸ்துமஸுக்கு, கொல்லையில் கழித்த மாங்கிளையை வட்ட வில்லையாக அறுத்து, பெயரைச் சுட்டு எழுதி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் சணல் கயிறு கோத்துக் கொடுத்தேன். கிளையை அறுத்தது டிசம்பர் 20. பொங்கலுக்குள் பட்டையிலிருந்து மையம்வரை ஒரு பிளவு ஓடி, பெயரின் நடு எழுத்தை இரண்டாக்கிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

இந்த வேலையில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈர மரத்தில்தான் தொடங்குகின்றன. காயும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையங்களை ஒட்டிய சுற்றுவாக்கில் சுருங்கும். அந்த இழுவையை முழு வட்டம் தாங்காது. எங்காவது வாய் பிளக்கும். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குத் தொங்கல் செய்யும் எண்ணம் வருவதே அக்டோபருக்குப் பிறகு. அப்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருக்கும். காற்றிலேயே ஈரம் இருக்க, வில்லை எங்கே காயும்? பூஞ்சணம்தான் பூக்கும். கோடையில் கிளை கழிக்கும்போதே அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுச் சாய்வாக அறுத்தால் நீள்வட்ட வில்லை கிடைக்கும். அது வட்டத்தைவிடக் குறைவாகவே வெடிக்கும்.

கோடைதானே என்று மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிடாதீர்கள். மேற்பரப்பு சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிட்டால் வெடிப்பு நிச்சயம். நிழலில், கம்பிவலை மேல், இருபக்கமும் காற்றுப் படும்படி வையுங்கள். காய்ந்ததா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தேவையைப்போல இரண்டு பங்கு அறுத்து வைப்பது நல்லது. சில வெடிக்கத்தான் செய்யும். நவம்பர் பிறந்த பிறகுதான் நினைவு வந்தது என்றால் பச்சைக் கிளையைத் தொடவே வேண்டாம். மரக்கடையில் நன்கு காய்ந்த வெட்டுத்துண்டு கேளுங்கள். சதுரமாக இருந்தாலும் பழுதில்லை.

மாமரம் அறுக்க எளிது, ஆனால் வண்டு துளைக்கும். தொங்கலுக்குக் கீழே மாவு உதிர்ந்து கிடந்தால் அதுதான் காரணம். வேம்பை வண்டு அவ்வளவாக அண்டாது. சரக்கு ஏற்றி வந்த பழைய பலகைச் சட்டங்களை உடைத்துச் செய்வதும் இப்போது பரவலாக இருக்கிறது. அவற்றில் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். 'எம்.பி.' (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குள் வேண்டாம்.

பேனாவால் எழுதுகிறவர்கள் மை கசிவதைக் கண்டு பேனாவைத் திட்டுகிறார்கள். வில்லையின் முகம் என்பது மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்கும் பக்கம். மையை உறிஞ்சுவது அதன் இயல்பு. சொரசொரப்பு எண் 80, 120, 220 என்று வரிசையாக உப்புத்தாள் தேய்த்து, நீரில் கரையும் வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, உலர்ந்தபின் எழுதினால் கோடு கோடாகவே நிற்கும். முடிவில் பூசும் வார்னிஷ் எழுத்தை இழுத்துச் செல்கிறதா என்பதை, வெடித்துப்போன வில்லை ஒன்றில் சோதித்துப் பாருங்கள். சுட்டு எழுதுவதாக இருந்தால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சூடு, பிறகுதான் பூச்சு. பூச்சின்மேல் சூட்டுக்கோலை வைத்தால் எழும் புகை நுரையீரலுக்கு ஆகாது. பசையால் ஒட்டிய பிளைவுட்டிலும் இதே ஆபத்து உண்டு.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. ண, ன போன்றவற்றின் சுழிகள் சூட்டில் அடைத்துக்கொள்ளும். புள்ளிகள் கரும்பொட்டாக வீங்கும். எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நீளமான பெயரை ஒரே வரியில் திணிக்காமல் இரண்டாகப் பிரிக்கலாம். பெயரை வீட்டார் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பீட்டர் இராயப்பனாகவும், பால் சின்னப்பனாகவும், ஜோசப் சூசையாகவும் இருப்பார்கள். சூசைத் தாத்தாவுக்கு ஜோசப் என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் அது அவர் பெயர் அல்ல.

துளையை எழுதிய பிறகு போடுவது தன் தலையில் தானே மண் வாரிப் போடுவது. முதலிலேயே, அடியில் ஒரு வீண்பலகை வைத்து, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் துளையிடுங்கள். பட்டையை ஒட்டிப் போட்டால் பிய்ந்துவிடும். கயிறு கோத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே எழுத்துக்கு இடம் குறிக்க வேண்டும்.

எடையையும் மறந்துவிடுகிறோம். நம் ஊரில் சவுக்குக் கிளையையே கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்தும் வீடுகள் இன்னும் பல. 9 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனும் உள்ள வில்லை 50, 60 கிராம் வந்துவிடும். அந்த மெல்லிய கிளை தொய்ந்து தரையைப் பார்க்கும். 7 சென்டிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 20 கிராமுக்குள் அடங்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால் பட்டையை முன்பே உரித்துவிடுங்கள். பூச்சியும் நோயும் பட்டையோடு ஒட்டி வரும் என்பதால், பட்டை ஒட்டிய மரப்பொருளை அங்கே எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். உரித்த வில்லையின் விளிம்பைச் சூட்டுக்கோலால் சுற்றிலும் கருக்கிவிட்டால், பட்டை இல்லாத வெறுமை தெரியாது.