சங்கக் கூட்டத்திலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் கரூர்த் தொழில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரூரில் ஒரு சமையலறைத் துண்டு அட்டைப்பெட்டிக்குள் அடங்கி ஏற்றுமதிக்குப் புறப்படுவதற்கு முன் நூல் கடை, சாயப்பட்டறை, பாவு ஓட்டும் இடம், தறிக்கூடம், தையல் கூடம், செக்கிங் மேசை என்று ஆறு கை மாறுவது வழக்கம். இந்த ஆறும் பெரும்பாலும் ஆறு வெவ்வேறு முதலாளிகளுடையவை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடனில்தான் வேலை செய்து கொடுக்கிறார். கொசுவலைத் தொழிலிலும் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலிலும் இதே நிலைதான். ஆகவே யாருடைய பணம் எங்கே நிற்கிறது, எந்தப் பார்ட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது, யார் புதிதாகத் தறி இறக்குகிறார் என்பன போன்ற செய்திகள் இங்கே வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அவற்றை வைத்துத்தான் மறுநாள் காலையில் ஒருவருக்கு நூல் கடனாகக் கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகிறது. 2021இல் மாநகராட்சி ஆன பிறகும், கோவை ரோட்டில் இரண்டு டீக்கடைகளைத் தாண்டுவதற்குள் ஒரு செய்தி ஊர் முழுவதும் பரவிவிடும் அளவுக்குத்தான் கரூர் இருக்கிறது. சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், சங்கத்திலும் குழுக்களிலும் நடக்கும் தவறுகளின் விளைவு என் மேசைக்கு வவுச்சராகவும் வக்கீல் நோட்டீஸாகவும் வந்து சேர்கிறது. அவற்றில் அடிக்கடி வருபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலாவதும் மிகவும் விலை உயர்ந்ததும், வராத பணத்தைக் குழுவில் கேட்பதுதான். செக் திரும்பி வந்த கோபத்தில் அதைப் படம் பிடித்து, எழுநூறு பேர் இருக்கும் குழுவில் போட்டு, "இவரிடம் ஜாக்கிரதை" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் எதிராளியின் கணக்கு எண்ணும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. சட்டம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். குழுவில் போட்டவுடன் பொதுவான நண்பர் ஒருவர் சமாதானம் பேச வருகிறார், வாய்தா வாங்குகிறார், அடுத்த வெள்ளி என்கிறார், அமாவாசை கழியட்டும் என்கிறார். அதற்குள் 30 நாள் ஓடிவிடுகிறது. அதுமட்டுமல்ல, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு குற்றமாகவே இருப்பதால், பணம் வர வேண்டியவரே பதில் சொல்ல வேண்டியவராக மாறும் வாய்ப்பும் உண்டு. என் மேசைக்கு வந்த ஒரு வழக்கில் பாக்கி ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் குழுவில் எழுதிய அந்த ஒரு வரிக்காக இரண்டு தரப்பும் வக்கீலுக்குக் கொடுத்தது அதைத் தாண்டிவிட்டது.

இதைவிட மெல்லியதாகவும், அதனாலேயே கூடுதல் சேதம் செய்வதாகவும் இருப்பது, "அவருக்குக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்களாம்" என்ற பேச்சு. பெயர் சொல்லாமல், புகார் என்று தோன்றாமல், அக்கறையைப் போலவே சொல்லப்படும் இந்த வாக்கியம் நூல் கடைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், அதுவரை அறுபது நாள் கடன் கொடுத்தவர் ரொக்கம் கேட்கிறார். ரொக்கம் புரட்ட முடியாததால் தறி நிற்கிறது; தறி நின்றதால் ஆர்டர் தவறுகிறது; ஆர்டர் தவறியதால் நிஜமாகவே கை இறுகுகிறது. உண்மையாக இல்லாத ஒரு செய்தி தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் இந்தச் சுற்றை நான் இரண்டு முறை கணக்குப் புத்தகத்திலேயே தேதி வாரியாகப் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தனியாக வந்து கேட்டால், "எனக்கு மூன்று பில் பாக்கி, பழையது மார்ச் மாதத்தது" என்று தன் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்வது நேர்மையான தொழில் வழக்கம்தான். பிறர் புத்தகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொல்வதுதான் தவறு.

பாக்கியைப் பற்றிய பேச்சில் இப்போது 45 நாள் சட்டமும் சேர்ந்துகொண்டுள்ளது. அதைப் பாதி மட்டும் படித்துவிட்டுக் குழுக்களில் பகிர்வது இன்னொரு தவறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்வது இதுதான்: குறு அல்லது சிறு தொழிலிடமிருந்து பொருளோ வேலையோ பெற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், அந்த நாளும் 45ஐத் தாண்டாமல், பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். பெரும்பாலான கரூர் ஜாப் ஒர்க் வாய்ப்பேச்சில் நடப்பதால், நமக்குப் பொருந்துவது 45 அல்ல, 15 என்பது பலருக்குத் தெரிவதில்லை. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2023-24 கணக்காண்டுக்கே அது பொருந்தியதால், 2024 மார்ச்சில் பாக்கி வசூல் சுறுசுறுப்பானது, கூடவே சண்டையும் சூடானது.

குழுக்களில் விடுபட்டுப் போவது இதன் மறுபாதி. நடுத்தரத் தொழில்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு, அனுமதிக்கப்பட்டிருப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. ஆகவே தையல் கூடத்துக்குப் பொருந்தும் விதியை நூல் வியாபாரி தன் பாக்கிக்குக் காட்டி மிரட்டினால், எதிர்த்தரப்பு ஆடிட்டர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். பொருந்துகிறவர்களிலும் பலர் உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிடுவதில்லை, சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு டெலிவரி செலானில் கையெழுத்து வாங்குவதில்லை. தாமதமான பாக்கிக்கு அரசின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யும்போது கேட்கப்படுவது இவைதான், குழுவில் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பது அல்ல.

அடுத்தது, செய்தியைத் தேதி இல்லாமல் கடத்துவது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமானபோது, அந்நாட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் வீட்டு உபயோக ஜவுளி ஊரான கரூருக்கு அது பெரிய அடி. அந்த உத்தரவிலேயே ஒரு விலக்கு இருந்தது: அந்தத் தேதிக்கு முன்பே கப்பலில் ஏற்றப்பட்டு, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்காவில் கணக்கில் ஏறும் சரக்குக்குப் புதிதாகச் சேர்ந்த 25 சதவீதம் பொருந்தாது. ஏற்றிவிட்ட சரக்குக்கும் இனிமேல் ஏற்றப் போகும் சரக்குக்கும் இடையிலான வித்தியாசம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. ஆனால் பல கைகள் மாறி வந்த குரல் பதிவுகளில் 50 என்ற எண் மட்டும் பத்திரமாக இருந்தது, தேதிகளைக் காணோம். அதே செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றத்திலும் இதுதான். மன்றம் முடிவெடுத்தது 3ஆம் தேதி, நடைமுறைக்கு வந்தது 22ஆம் தேதி. செயற்கை நூலுக்கு 12 சதவீதம் 5 ஆனதும், பேருந்துக்கு 28 சதவீதம் 18 ஆனதும் உண்மை; ஆனால் இடைப்பட்ட பத்தொன்பது நாள்களில் புதிய விகிதத்தில் பில் போடச் சொல்லி என்னைக் கேட்டவர்கள் கையில் இருந்த செய்தியில் இரண்டாவது தேதி இல்லை. ஒரு வரிச் செய்தியைக் கடத்துவதற்கு முன், அது எந்த நாள் முதல், எந்தச் சரக்குக்கு என்ற இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் சுங்க முகவரிடமோ ஆடிட்டரிடமோ கேட்டு அறிவிப்பின் எண்ணோடு அனுப்புவது ஐந்து நிமிட வேலை.

வங்கிகளைப் பற்றிய பேச்சில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. கரூர் வைசியா வங்கியை 1916இலும் லட்சுமி விலாஸ் வங்கியை 1926இலும் இந்த ஊர் வணிகர்களே தொடங்கினார்கள் என்பதால், வங்கிச் செய்தி இங்கே குடும்பச் செய்தியைப் போலக் கேட்கப்படுகிறது. 2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கியில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 25,000 ரூபாய் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அதே மாதம் 27ஆம் தேதி அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை முழுவதும் பத்திரமாகப் புதிய வங்கிக்குப் போனது. பங்கு வைத்திருந்தவர்களின் பங்கு மதிப்பு முற்றிலும் அழிக்கப்பட்டது. வைப்பு வேறு, பங்கு வேறு என்ற இந்தப் பிரிவைச் சொல்லாமல் "பணம் போச்சு" என்று மட்டும் சொல்பவர், வைப்பு வைத்திருப்பவரைத் தேவையில்லாமல் ஓட வைக்கிறார்.

சிறிய தவறு போலத் தோன்றி ஆர்டரையே காவு வாங்குவது ஒன்று உண்டு: கூடத்தில் நடக்கும் வேலையைப் பெருமைக்காக வீடியோ எடுத்துப் போடுவது. ஒருமுறை செக்கிங் மேசையைச் சுற்றி எடுத்த அரை நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்தேன். மடித்து அடுக்கியிருந்த ஏப்ரன்களில் வெளிநாட்டு பையரின் லேபிளும், அதில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்த சில்லறை விலைச் சீட்டும், பின்னால் கரும்பலகையில் எழுதியிருந்த பீஸ் எண்ணிக்கையும் நிறுத்திப் பார்த்தால் படிக்கும் அளவுக்குத் தெரிந்தன. போட்டியாளர் ஒருவர் விலை கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பையரின் டிசைன் இன்னும் கடைக்கு வராத நிலையில் வெளியானால் அடுத்த சீசன் ஆர்டர் நிச்சயமில்லை. வீடியோ போட்டே தீர வேண்டுமென்றால் சொந்த மாதிரித் துணிகளைப் போடலாம்.

சங்கத்தைப் பொறுத்தவரை, சந்தாவை மட்டும் கட்டிவிட்டு ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வராமல், மின்கட்டணமோ சாயக்கழிவு நீர்ப் பிரச்சினையோ தலைக்கு மேல் வந்த பிறகு ஓடி வந்து, "சங்கம் என்ன செய்தது?" என்று கேட்பவர்களே அதிகம். மனு எழுத நிர்வாகிகளுக்குத் தேவைப்படுவது குரல் அல்ல, விவரம்: எத்தனை தறி, எத்தனை ஆள், மாதம் எவ்வளவு யூனிட் மின்சாரம். அதைக் கேட்டால் மட்டும், வரித்துறைக்குப் போய்விடுமோ என்று பாதிப் பேர் கொடுப்பதில்லை. இன்னொரு பக்கம், இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று சங்கத்தின் பெயரில் சுற்றறிக்கை விடுவதும் நடக்கிறது. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு எதிரானது, அதைச் சங்கம் செய்தாலும் விதிவிலக்கு இல்லை.

தொடர்பு வட்டத்தை உறவுக்காரர்களோடும் சாதிக்காரர்களோடும் நிறுத்திக்கொள்வதும் இங்கே சொல்லப்பட வேண்டியதே. இரவு எட்டு மணிக்கு லாட்ஜ் ஹாலில் கூட்டம் வைத்துவிட்டு, தையல் கூடம் நடத்தும் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. முப்பது மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குத் தெரிந்த ஆள் தட்டுப்பாட்டு நிலவரம் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் மொய் எழுத வரிசையில் நிற்பவரிடம் பாக்கியை நினைவூட்டுவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வைகாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் கம்பம் ஆற்றுக்குப் போகும் நாளிலும் அப்படித்தான். அன்று ஊருக்கே விடுமுறை, பாக்கிக்கும் விடுமுறை விடலாம்.

கடைசியாக, நானே செய்த தவறு. வாரம் ஒரு நாள் காலையில் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கும் குழு ஒன்றில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே வாரம் ஒரு பரிந்துரையாவது கொடுக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பரிந்துரைக் கணக்குக் குறைந்த ஒரு வாரத்தில், இரண்டே முறை பார்த்திருந்த ஒருவருக்கு, எங்கள் தெருவில் சாயப்பட்டறை வைத்திருக்கும் பெரியவரின் எண்ணைக் கொடுத்தேன்; பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு லாட் நூல் சாயமேறிப் போனது, மூன்றாவது லாட்டுக்கு ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நான் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. "உங்க பேரைச் சொன்னாருங்க, அதனால முன்பணம் கேக்கலைங்க" என்றார், அவ்வளவுதான். பாதித் தொகையை நான் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு நான் யாரை அனுப்பினாலும், சாயத்தின் நிறம் என்ன, எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்து கேட்பது ஒன்றுதான்: "இவரை நீங்க நேர்ல அவரு கம்பெனிக்குப் போய்ப் பாத்திருக்கீங்களாங்க?"