மெம்ஃபிஸில் குழந்தைகளுக்காக ஓட நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் மெம்ஃபிஸில், குழந்தைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கு நிதி திரட்ட டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் செயின்ட் ஜூட் மாரத்தானில் நான் நான்கு முறை ஓடியிருக்கிறேன். நான்கும் அரை மாரத்தான். சேர ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "21 கிலோமீட்டர் என்னால முடியுமா?" என்றுதான். மூன்று மாதம் பழகினால் முடியும். அதைவிட அதிகம் பழக வேண்டியது பணம் கேட்பதற்கு.

பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு ஓட மட்டும் செய்யலாம். 'ஹீரோ' என்று சேர்ந்தால் நிதி திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறீர்கள். உங்கள் பெயரில் ஒரு நன்கொடைப் பக்கம் கிடைக்கும். இதில் சேருங்கள். நடிகர் டேனி தாமஸ் 1962இல் தொடங்கிய இந்த மருத்துவமனை, சிகிச்சைக்கோ தங்குவதற்கோ சாப்பாட்டுக்கோ எந்தக் குடும்பத்துக்கும் பில் அனுப்புவதில்லை. ஆராய்ச்சியும் அங்கேயே நடக்கிறது. பெரும்பாலும் நன்கொடையால் நடக்கும் இடம் அது.

கை நீட்டுவது என்றால் நம்மில் பலருக்கு உடம்பு கூசும். எனக்கும் கூசியது. முதல் வருடம் இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு பேர் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதினேன். நாற்பத்து மூன்று பேர் கொடுத்தார்கள். குழுவில் கேட்டால் யாரோ கொடுப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். தொகையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் கிலோமீட்டருக்கு ஒரு டாலர், 21 டாலர் என்று கேட்பேன்.

ஏன் ஓடுகிறீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள், உங்களுக்கு நடந்ததாக இருக்கட்டும். நான் ஒரு நித்தியகல்யாணிப் பூவின் படத்தை அனுப்புவேன். அக்கா மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தபோது, மதுரையில் அவன் மருந்துச் சீட்டில் 'வின்கிறிஸ்டின்' என்ற பெயரைப் பார்த்தேன். எங்கள் வாசலில் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடந்த அந்தச் செடியிலிருந்து வரும் மருந்து அது என்று டாக்டர் சொன்னார். அவனுக்கு வந்த 'லிம்ஃபோபிளாஸ்டிக்' வகை நோயில், 1962 வாக்கில் நூறு குழந்தைகளில் நாலு பேர்தான் பிழைத்தார்கள். ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்க்காமல் பலவற்றைச் சேர்த்துக் கொடுத்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒளிந்திருக்கும் நோய்க்கும் சேர்த்து வைத்தியம் செய்யும் முறையை டாக்டர் டொனால்ட் பிங்கெலும் அவர் குழுவும் செயின்ட் ஜூடில் வளர்த்தெடுத்தார்கள். இன்று அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். இவ்வளவுதான் என் செய்தி.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவுபடுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். கொடுத்தவர்களின் கம்பெனி அதே தொகையைச் சேர்த்துக் கொடுக்குமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் கொடுக்கின்றன. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் நான் கேட்பதில்லை. அவரவர் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பயிற்சியை ஆகஸ்ட் கடைசியில் தொடங்குங்கள். மெம்ஃபிஸ் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கே வியர்த்து ஊற்றும். ஷெல்பி ஃபார்ம்ஸ் பூங்காவில் நிழலும் சமதரையும் உண்டு. வாரம் மூன்று நாள் போதும்: இரண்டு நாள் ஐந்து கிலோமீட்டர், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தாலும் சரிதான், நான் இன்றும் அப்படித்தான். ஓட்டத்தன்று புது ஷூ போடாதீர்கள்.

டிசம்பர் காலையில் நல்ல குளிர் இருக்கும். வழியில் கழற்றிப் போட ஒரு பழைய ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். 2013இல் பனிமழையால் ஓட்டமே ரத்தானது. அப்படி நடந்தாலும் திரட்டிய பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் என்று கொடுப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பாதை மருத்துவமனை வளாகத்துக்குள் போகும். குழந்தைகளும் பெற்றோரும் போர்வை சுற்றிக்கொண்டு ஓரத்தில் நின்று கை தட்டுவார்கள். அங்கே நேரம் பார்க்காதீர்கள், மெதுவாகப் போங்கள். காதில் ஓடும் பாட்டை நிறுத்திவிடுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால் கையைத் தொடாமல் அசைத்துக் காட்டுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதல் வருடம் மொட்டைத் தலையில் குல்லா போட்ட ஒரு பையனைப் பார்த்ததும் எனக்கு ஓட முடியவில்லை, நடந்துதான் கடந்தேன். உங்களுக்கும் அப்படி ஆகலாம். ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், நன்றி சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவு, சட்டையில் குத்திக்கொள்ளும் என் எண் அட்டையின் பின்பக்கம் பணம் கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் பேனாவால் எழுதிவிடுவேன். ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, அதைப் படம் எடுத்து அவரவருக்கு அனுப்பிவிடுவேன்.