கையால் ஹெக்ஸ் மேப் வரைவது எப்படி? முதல் ஏ4 தாளுக்கான செய்முறை

அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த வரைபடம்தான் ஹெக்ஸ் மேப்; ஒரு கட்டம் ஒரு ஹெக்ஸ். ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் கேமுக்கான ஹெக்ஸ் மேப்பில் அழகு இரண்டாம்பட்சம். பிளேயர் ஒரு கட்டத்தில் விரலை வைத்து "இங்கே என்ன இருக்கு, கடக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு ஹெக்ஸுக்கு ஒரே நிலவகை. பாதி காடு, பாதி மலை என்று வரைந்தால் ஆட்டத்துக்கு நடுவே வாக்குவாதம்தான் மிஞ்சும்.

தேவையானவை: கொஞ்சம் தடித்த ஏ4 தாள், 2ஹெச் பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், மிருதுவான ரப்பர், தண்ணீர் பட்டாலும் கரையாத மை உள்ள 0.1, 0.3 மி.மீ. லைனர் பேனாக்கள்.

1. கட்டம்

காம்பஸ் வேண்டாம். தாளை நெட்டாக வைத்து, நான்கு பக்கமும் 15 மி.மீ. விடுங்கள். 4 மி.மீ.க்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளும், 7 மி.மீ.க்கு ஒன்றாகக் கிடைக்கோடுகளும் மிக லேசாகப் போடுங்கள்.

முதல் ஹெக்ஸின் மேல்விளிம்பு, முதல் கிடைக்கோட்டில், இடப்பக்க முதல் செங்குத்துக் கோட்டிலிருந்து 4 முதல் 12 மி.மீ. வரை. இரண்டாவது கோட்டில் 0-இல் இட மூலை, 16-இல் வல மூலை. மூன்றாவது கோட்டில் மறுபடி 4 முதல் 12 வரை கீழ்விளிம்பு. ஆறு புள்ளிகளையும் இணைத்தால் ஹெக்ஸ் தயார். அடுத்த நெடுவரிசை 12 மி.மீ. வலப்பக்கம் தள்ளி, 7 மி.மீ. கீழே இறங்கித் தொடங்கும். அதற்கடுத்தது பழைய உயரத்துக்கே ஏறும். 14 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 18 என மொத்தம் 252 ஹெக்ஸ் பிடிக்கும்.

துல்லியமான கணக்கு 7 அல்ல, 6.93. அந்த ஒரு சதவீதம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது வேறு: ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, தாளின் அடிப்பகுதியில் ஹெக்ஸ்கள் நசுங்கிப்போகும். ஸ்கேலை அசைக்காமல் 0, 7, 14, 21 என்று ஒரே மூச்சில் குறித்துவிடுங்கள்.

2. அளவும் எண்ணும்

ஒரு ஹெக்ஸின் எதிரெதிர் விளிம்புகளுக்கு நடுவே 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சமதரையில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 5 கி.மீ. தூரத்தில் இருக்கும், ஆக, ஹெக்ஸின் நடுவில் நிற்பவருக்குக் கிட்டத்தட்ட அந்த ஹெக்ஸ் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் என்ன என்று பார்க்க நடந்தே தீர வேண்டும். ஆட்டத்துக்கு இதைவிட வசதி வேறில்லை.

எண்ணில் முதல் இரண்டு இலக்கம் நெடுவரிசை, அடுத்த இரண்டு வரிசை: 0714 என்றால் ஏழாவது நெடுவரிசையில் பதினான்காவது. எண்ணை மேல்விளிம்பை ஒட்டிச் சின்னதாக எழுதுங்கள். நடுப்பகுதி மலை, காடு, ஊர் போன்றவற்றைக் காட்டும் சின்னத்துக்கு வேண்டும். ஏற்கெனவே வெளிவந்த உலகத்தை ரசிகராக மறுபடி வரைகிறீர்கள் என்றால், மூல மேப்பின் அளவையும் எண்களையும் மாற்றாதீர்கள். மாற்றினால் மற்ற ரசிகர்களின் குறிப்புகள் எதுவும் உங்கள் தாளோடு ஒத்துப்போகாது.

3. நிலம், பென்சிலில்

கடற்கரை, மலை, ஆறு, காடு, ஊர், பாதை: இந்த வரிசையிலேயே போங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆற்றில்தான். ஆறுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே கடலுக்குப் போகும். முகத்துவாரத்துக்கு முன்னால் பிரிவது அபூர்வம். ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு பொதுவாக ஒன்றே. மலைத்தொடரின் இந்தப் பக்கம் பிறந்த ஆற்றை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெயர்களையும் இப்போதே பென்சிலில் எழுதி இடம் பிடித்துவிடுங்கள். கடைசியில் எழுதினால் காட்டுக்குள் எழுத்து தொலைந்துவிடும்.

4. மை

முதலில் பெயர்கள், பிறகு சின்னங்கள், இரண்டும் 0.3-இல். மலைகளைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். முன்னால் நிற்கும் மலை முழுசாக இருக்கும். பின்னாலுள்ளதன் கோட்டை அதைத் தொடும் இடத்தில் நிறுத்தினால் போதும். இப்படிப் போகும்போது உள்ளங்கை ஈர மையின் மேல் படும், அதனால் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். கட்டக்கோடு கடைசியில், 0.1-இல், சின்னத்தையோ எழுத்தையோ தொடும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர்.

5. ஸ்கேன்

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரேஸ்கேல் (கருப்பு-வெள்ளைச் சாயல்கள் மட்டும்). மிச்சமிருக்கும் பென்சில் தடம் சாம்பலாகத் தெரியும்; பட எடிட்டரில் வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸைத் திறந்து வெள்ளைப் பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் மறையும். ரொம்பத் தள்ளினால் 0.1 கோடுகளும் சேர்ந்து போய்விடும். பிரிண்ட் எடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை அணைத்து 100 சதவீதத்தில் எடுங்கள். இல்லையென்றால் ஹெக்ஸ் சுருங்கி, அடுத்த தாளை ஒட்டும்போது கட்டங்கள் சேராது.