இடைவெளியை நிரப்பும் முன் தமிழிடம் கேளுங்கள்

2005ஆம் ஆண்டு தை மாதம். கடல் வந்து போய் மூன்று கிழமை. மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூட முகாமில், தொண்டு நிறுவனமொன்றுக்கு நான் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு குடும்பங்களுக்குக் கூடாரம் கிடைக்கவில்லை. அதைத் துண்டில் எழுதி அனுப்பினேன்: "ஃபியூ ஃபமிலீஸ் நீட் டென்ட்ஸ்." சில குடும்பங்களுக்குக் கூடாரம் வேண்டும் என்று எழுதியதாகத்தான் என் நினைப்பு. வாசித்தவருக்கோ, கூடாரம் தேவைப்படுகிறவர்கள் அநேகமாக இல்லை என்று விளங்கியது. லொறி வேறு முகாமுக்குப் போய்விட்டது. அந்தப் பதினொரு குடும்பமும் பிள்ளைகளோடு இன்னும் இரண்டு இரவு விறாந்தையில் படுத்தார்கள். நான் விட்டது 'எ' என்ற ஒரே ஓர் எழுத்து.

ஃபியூவும் எ ஃபியூவும் எனக்குத் தெரியாதவை அல்ல. பள்ளிக்கூடத்தில் அட்டவணை போட்டுப் பாடமாக்கியவைதான், பரீட்சையில் புள்ளியும் வாங்கியவைதான். ஆனால் ஒரு வசனத்துக்குள் வைத்து, இதுவா அதுவா என்று நிறுத்தி யோசிக்க யாரும் பழக்கவில்லை. இப்போது கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அட்டவணை கொடுப்பதில்லை. இடைவெளி விட்ட வசனங்களைத்தான் கொடுக்கிறேன். அதை எப்படிச் செய்தால் பலன் வரும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, தந்திருக்கும் தெரிவுகளைக் கையால் மூடுவது. வசனத்தை முழுதாக வாசியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் வாசியுங்கள். மறுகா, அதையே வீட்டில் பேசுகிற தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதி விடை அங்கேயே கிடக்கும்.

அந்த ஃபியூவையே எடுப்போம். "கூட்டத்துக்குக் கொஞ்சப் பேர் வந்திருக்கிறார்கள்" என்றால் ஆட்கள் இருக்கிறார்கள், தொடங்கலாம். அது எ ஃபியூ. "கொஞ்சப் பேர்தான் வந்திருக்கிறார்கள்" என்றால் போதாது என்ற குறை தெரிகிறது. அது ஃபியூ. தமிழில் 'தான்' வந்தால் ஆங்கிலத்தில் 'எ' போய்விடும். லிட்டில், எ லிட்டில் இரண்டுக்கும் இதே கணக்குத்தான். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, கொஞ்சந்தான் இருக்கிறது. முகாமில் இருந்த அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால்!

எ, த இரண்டிலும் தமிழ் கைகொடுக்கும். "சந்தையில் நண்டொன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து நண்டைக் கழுவினேன்." முதலில் வரும் நண்டு எ க்ராப். இரண்டாவதில் 'ஐ' ஏறிவிட்டது, எந்த நண்டு என்று இருவருக்கும் தெரியும், ஆகவே த க்ராப். சூரியன், சந்திரன் போல உலகத்துக்கே ஒன்றாக இருப்பவற்றுக்கு 'ஐ' இல்லாமலும் த வரும், ஆட்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் ஏறிவிடும் என்பதால், இதை எல்லா இடத்துக்கும் இழுக்க வேண்டாம். ஆனால் வாங்கிய, தின்ற, தொலைத்த பொருள்களுக்கு நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, ஹாஸ் கான், ஹாஸ் பீன். பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை செய்யும் தம்பி ஒருவன் இதில் மாதக்கணக்காகத் தடுமாறினான். "ரீச்சர், ரெண்டும் போனதுதானே?" என்பான். நான் பலகையில் எழுதினேன்: "மை அங்கிள் ஹாஸ் ___ டு கொழும்பு." இதோடு நிறுத்தினால் இரண்டுமே சரி, யாராலும் தெரிவுசெய்ய முடியாது. அடுத்த வசனத்தையும் எழுதினேன்: "ஹி வில் கம் பேக் ஆன் ஃப்ரைடே." வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றால் ஆள் இன்னும் கொழும்பில். தமிழில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "கொழும்புக்குப் போயிருக்கார்." அதுதான் கான். சரி, ஆள் வந்துவிட்டார், கொழும்பைப் பற்றிக் கதைக்கிறார் என்றால்? "போய் வந்திருக்கார்." அதுதான் பீன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் வெறுமனே போகிறேன் என்று சொல்வதில்லை, போயிற்று வாறன் என்றுதான் சொல்வோம். அந்த 'வாறன்' வசனத்தில் இருந்தால் பீன் போடு என்றேன். அதன் பிறகு அவன் பிழை விட்டதில்லை.

இப்படித் தமிழே வழி காட்டும் இடங்கள் ஒரு பக்கம். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று என்று வரும் இடங்கள் இன்னொரு பக்கம். அங்கே சாட்சி தேட வேண்டும். வசனத்துக்குள் எந்தச் சொல் விடையை முடிவுசெய்கிறதோ அதைத்தான் சாட்சி என்கிறேன்.

நம்முடைய வாவியிலிருந்தே ஓர் உதாரணம். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதுவோம்: "வி ___ ஃபோர் ஹாஃப் அன் அவர். அட் லாஸ்ட் வி ___ எ சவுண்ட். வி ___ த போட்மன் வட் இட் வாஸ்." மூன்றுக்கும் தமிழில் கேட்டோம்தான். அரை மணி நேரம் கேட்டோம், கடைசியில் ஒரு சத்தம் கேட்டோம், அது என்ன என்று தோணிக்காரரிடம் கேட்டோம்.

முதல் இடைவெளிக்குச் சாட்சி "அரை மணி நேரம்". வேண்டுமென்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், ஆகவே லிஸின்ட். இரண்டாவதற்குச் சாட்சி "அட் லாஸ்ட்". காத்திருந்து, சத்தம் தானாகக் காதில் விழுந்தது, ஆகவே ஹேர்ட். மூன்றாவதில் ஓர் ஆளும் ஒரு கேள்வியும் நிற்கின்றன, ஆகவே ஆஸ்க்ட். லிஸின் போட்ட இடத்தில் பின்னால் ஒரு பொருள் வந்திருந்தால் டு தேவைப்பட்டிருக்கும்: லிஸின்ட் டு த ஃபிஷ். இடைவெளிக்குப் பின்னால் டு இருக்கிறதா இல்லையா என்பதும் ஒரு சாட்சி. பிள்ளைகள் பெரும்பாலும் இடைவெளிக்கு முன்னால் மட்டும் பார்க்கிறார்கள், பின்னால் நிற்கும் சின்னச் சொல்லைப் பார்ப்பதில்லை.

பார் என்ற சொல்லும் இப்படித்தான்: சீ, லுக், வாட்ச். நீங்களே மூன்று வசனம் எழுதிப் பாருங்கள்.

'இல்' இன்னும் சிக்கல். பஸ்ஸில், காரில், தோணியில், கப்பலில், எல்லாம் நமக்கு ஒரே 'இல்'. உள்ளே எழும்பி நடக்கக்கூடிய வாகனம் என்றால் ஆன்: ஆன் த பஸ், ஆன் த ட்ரெயின், ஆன் த ஷிப். குனிந்து ஏறி உட்கார்ந்தே போகிறது என்றால் இன்: இன் த கார், இன் எ த்ரீவீலர். வாவித் தோணியும் இன்தான். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆன், மேலேதானே இருக்கிறோம்.

காலத்துக்கு நான் கொடுக்கும் வசனம் பாலத்தைப் பற்றியது. "த ஓல்ட் ப்ரிட்ஜ் ___ இன் 1924." வாஸ் பில்ட்டா, ஹாஸ் பீன் பில்ட்டா? சாட்சி "இன் 1924". முடிந்துபோன ஆண்டைச் சொல்லிவிட்டால் ஹாஸ் வராது, வாஸ் பில்ட்தான். அதே 1924க்கு முன்னால் சின்ஸ் வந்தால் கதை மாறும்: "பீப்பிள் ஹாவ் க்ராஸ்ட் இட் சின்ஸ் 1924." அன்று தொடங்கி இன்றும் கடக்கிறார்கள். சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய புள்ளி, ஃபோருக்குப் பின்னால் நீளம். பத்து வருடமாக என்றால் ஃபோர் டென் இயர்ஸ்.

தமிழ் நம்மை வழுக்க வைக்கும் இடங்களும் உண்டு. எல்லாரும் வந்தார்கள் என்று பன்மையில் சொல்லிப் பழகியதால் எவ்ரிவன் ஆர் என்று எழுதிவிடுகிறோம். எவ்ரிவன் இஸ் என்றுதான் வர வேண்டும். 'பற்றி' பேசுவதால் டிஸ்கஸ் அபவுட் என்று வருகிறது. டிஸ்கஸுக்கு அபவுட் வேண்டாம். இவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் விடையை மட்டும் எழுத விடமாட்டேன். விடைக்குக் கீழே சாட்சியையும் எழுத வேண்டும். விடை சரி, சாட்சி பிழை என்றால் புள்ளி இல்லை. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை: பிழையான தெரிவைச் சரியாக்குவது. ஹேர்ட் பிழை என்றால், ஹேர்ட் சரியாக வரும்படி அதே வசனத்தை மாற்றி எழுது. இதற்குத்தான் நேரம் எடுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வசனத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை. ஐம்பது வசனத்துக்குக் கோடு போடுவதைவிட இந்த ஐந்து பெரிது.

விடைப் புத்தகம் இல்லாதவர்கள் நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தியின் பத்து வரியைக் கொப்பியில் பார்த்து எழுதுங்கள். எ, த வரும் இடங்களை மட்டும் வெறுமையாக விடுங்கள். மூல வரிகளைத் தனித்தாளில் எழுதி மடித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து நிரப்பிவிட்டுத் தாளைத் திறந்து பாருங்கள். அடுத்த கிழமை இன், ஆன், அட் மட்டும். ஒரு தடவைக்கு ஒரு வகைதான், கலக்க வேண்டாம்.

இன்றைக்கு ஒன்று: "வி ஹாவ் ___ ஃப்ரெண்ட்ஸ் ஹியர், ஸோ வி ஆர் லோன்லி." ஃபியூவா, எ ஃபியூவா? கையால் மூடுங்கள், தமிழில் சொல்லுங்கள். சாட்சி வசனத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது.