ஆங்கில வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது?

வேலைக்கு விண்ணப்பித்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதுகிறீர்கள். 'ஐ ஆம்', 'ஐ ஹேவ்', 'ஐ ஜாயின்ட்' என்று வரிசையாக எல்லா வாக்கியமும் 'ஐ' என்றே தொடங்குகிறது. இலக்கணப்படி தவறு எதுவும் இல்லை, ஆனால் படிப்பவருக்கு நாலாவது வரியிலேயே அலுத்துவிடும். தமிழில் 'சேர்ந்தேன், பார்த்தேன்' என்று வினையே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்' தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயை அப்படி விட முடியாது, அதனால் அது ஒவ்வொரு வரியின் தலையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு நல்ல வழி, காலத்தையோ இடத்தையோ முன்னால் கொண்டுவருவது. 'இன் 2019, ஐ ஜாயின்ட் எ டெக்ஸ்டைல் கம்பெனி. தேர், ஐ ஹேண்டில்ட் த அக்கவுன்ட்ஸ்.' இரண்டாவது வாக்கியத்தின் 'தேர்' முந்தின வாக்கியத்தில் வந்த கம்பெனியைப் பிடித்துக்கொள்கிறது, கவனித்தீர்களா? வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்கி, புதிய செய்தியைக் கடைசியில் வையுங்கள். தொடக்கச் சொல்லைத் தேர்ந்தெடுக்க இதைவிட உதவும் விதி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, 'அன்ட்', 'பட்' இரண்டிலும் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். தாராளமாகத் தொடங்கலாம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் உள்ள 31 வசனங்களில் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே 'அன்ட்' என்றுதான் தொடங்குகின்றன. அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

'பிகாஸ்' விஷயம் கொஞ்சம் வேறு. 'பிகாஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேட் ஹோம்' சரியான வாக்கியம். ஆனால் 'வி ஸ்டேட் ஹோம்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்பதைத் தனியாக நிறுத்தினால் அது அரைகுறை வாக்கியம். நம் 'ஏனென்றால்' தனி வாக்கியமாக நிற்கும், அந்தப் பழக்கத்தில்தான் இப்படி எழுதிவிடுகிறோம். 'ஆல்தோ' என்று தொடங்கினால் நடுவில் இன்னொரு 'பட்' வேண்டாம். இரண்டில் ஒன்று போதும்.

அப்புறம் 'இங்' வரும் தொடக்கங்கள். இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். 'வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், எ டாக் பிட் மி' என்று எழுதினால், பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனது நாய் என்று ஆகிவிடும். 'பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது நாய் கடித்துவிட்டது' என்று தமிழில் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது, ஆங்கிலமோ காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் எழுவாய்தான் நடந்தது என்று எடுத்துக்கொள்ளும். 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், எ டாக் பிட் மி' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

'நெவர்', 'ஹார்ட்லி', 'நோ சூனர்' போன்றவை முன்னால் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன் வர வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ க்ரவுட்.' பரீட்சையில் கேட்பார்கள், தெரிந்துகொள்ளுங்கள். மெயிலில் இது தேவைப்படாது. அறிமுகத்தில் 'மைசெல்ஃப் கார்த்திக்' வேண்டவே வேண்டாம், 'ஐ ஆம் கார்த்திக்' போதும்.

கடைசியாக, 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்'. கட்டுரைக்குக் கனம் சேர்க்கும் என்று நினைத்துப் பத்திக்குப் பத்தி போடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள், பொருள் குறையவில்லை என்றால் திரும்பச் சேர்க்காதீர்கள்.