அட்டையில் பெரிய எழுத்து யாருடையது?

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அமெரிக்க உளவுக்கதை எழுத்தாளர் ராபர்ட் லட்லம் பெயரைப் பார்த்ததும், விலைகூடப் பேசாமல் அவருடைய உளவாளி நாயகன் ஜேசன் போர்ன் வரும் ஒரு தடித்த நாவலை வாங்கினேன். பஸ் வேலந்தாவளம் தாண்டி கேரளத்துக்குள் நுழைவதற்குள் ஐம்பது பக்கம் ஓடிவிட்டது. ஆனால் நடை பழகிய நடையாக இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், லட்லம் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர்: எரிக் வான் லஸ்ட்பேடர்.

ஒருவர் தொடங்கிய உளவுக்கதையை அவருக்குப் பின் வேறொருவர் தொடரும்போது, படிக்கிற எல்லாரும் செய்யும் முதல் தவறு இதுதான். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் எழுதியவர் பெயரல்ல, விற்கும் பெயர். போர்ன் கதைகளில் லட்லம் எழுதியவை 1980, 1986, 1990 ஆண்டுகளில் வந்த மூன்று மட்டுமே. 2001இல் அவர் இறந்துவிட்டார். 2004இல் தொடங்கிய லஸ்ட்பேடர் பதினொன்று எழுதினார். 2020 முதல் பிரையன் ஃப்ரீமன் எழுதுகிறார். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போர்னை எடுத்தால், அது லட்லம் எழுதாததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜேம்ஸ் பாண்டில் இந்தக் குழப்பம் இன்னும் வேடிக்கை. 2008இல் வந்த 'டெவில் மே கேர்' அட்டையில், செபாஸ்டியன் ஃபாக்ஸ் 'இயன் ஃப்ளெமிங்காக எழுதுகிறார்' என்றே அச்சிட்டிருந்தார்கள். பாண்டைப் படைத்த ஃப்ளெமிங் இறந்தது 1964இல்!

சினிமாவை முன்கதையாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. நான் நன்றாக அகப்பட்டுக்கொண்டது இதில்தான். மாட் டேமன் நடித்த முதல் போர்ன் படத்தில் சி.ஐ.ஏ. அதிகாரி கான்க்ளின் வில்லன், படம் முடிவதற்குள் செத்தும் போகிறான். இரண்டாம் படத்தின் தொடக்கத்திலேயே போர்னின் காதலி மேரியும் சாகிறாள். லஸ்ட்பேடரின் 'போர்ன் லெகஸி'யைத் திறந்தால் மேரி உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகளும் இருக்கிறார்கள். போர்ன் வேறு பெயரில் வாத்தியார் வேலை பார்க்கிறான். கான்க்ளின் அவனுக்கு நண்பன். அந்த நண்பனைக் கொன்ற பழி இவன்மேல் விழுவதில்தான் கதையே தொடங்குகிறது. காரணம் எளிது: புதிய எழுத்தாளர் தொடர்வது பழைய நாவலை, படத்தை அல்ல. இதே தலைப்பில் 2012இல் வந்த படமோ வேறு கதை, அதற்கு நாயகனே வேறு ஆள். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் லட்லத்தின் மூன்றையும் படித்துவிட்டு வந்தால் நல்லது. குறைந்தது முதலாவதையாவது படியுங்கள்.

அப்புறம், கதை நடக்கும் ஆண்டைப் பார்க்காமல் படிப்பது. 1955இல் வந்த ஃப்ளெமிங் நாவலில் பாண்டுக்கு முப்பத்தேழு வயது. கணக்குப் போட்டால், 1981இல் ஜான் கார்ட்னர் பாண்ட் கதைகளைத் தொடரத் தொடங்கியபோது ஓய்வூதியம் வாங்கும் வயது. கார்ட்னர் அந்தக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, பாண்டை எண்பதுகளில் இறக்கி சாப் கார் ஓட்ட வைத்தார். 2011இல் ஜெஃப்ரி டீவர் ஒருபடி மேலே போய், ஆப்கன் போரிலிருந்து வந்த புது இளைஞனாகவே பாண்டை எழுதினார். வில்லியம் பாய்ட் 1969க்குத் திரும்பினார். ஆண்டனி ஹோரோவிட்ஸ் 1957க்கே போய், ஃப்ளெமிங்கின் 'கோல்டுஃபிங்கர்' முடிந்த கையோடு கதையைத் தொடங்கினார். இவற்றையெல்லாம் வெளியான வரிசையில் ஒரே ஆளின் வாழ்க்கையாகப் படித்தால் தலை சுற்றும். என்னைக் கேட்டால், பழைய கதைகளின் இடைவெளியில் நுழைகிறவர்களே பிழைக்கிறார்கள். இன்னொரு உளவுக்கதை எழுத்தாளரான ஜான் லெ கரேயின் மகன் நிக் ஹார்க்கவே 2024இல் செய்ததும் அதுதான். அப்பாவின் இரண்டு நாவல்களுக்கு நடுவே, 1963இல் அப்பாவின் உளவாளி ஸ்மைலியை நடமாட விட்டார்.

பழைய குரலையே தேடிக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான். எங்கள் பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும்; கம்பன் பாட்டுத்தான், ஆனால் விளக்கம் சொல்லும் புலவர் மாறினால் அந்த இரவே மாறிவிடும். போன தலைமுறைப் புலவரின் தொண்டையைக் கடன் வாங்கிப் பேசினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? லஸ்ட்பேடரின் போர்ன் ஓயாமல் அடிதடியில் இறங்குகிறான், லட்லத்தின் போர்னுக்கிருந்த பதற்றம் குறைவு. அது எனக்கு அவர்மேல் உள்ள குறை. ஆனால் அவர் லட்லம்போல எழுதவில்லை என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வாங்கிய புத்தகத்தைப் படித்து முடித்ததும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலைக்கே, அதாவது நூலகத்துக்கே, கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் அது லட்லம் வரிசையில் இருந்தது.

"ஏனுங்கண்ணா, இது லட்லம் எழுதினது இல்லைங்களே" என்றேன்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றி அட்டையை உற்றுப் பார்த்தார். "லஸ்ட்பேடருங்களா? சரி, அதுவும் 'ல'தானுங்க தம்பி, அங்கயே இருக்கட்டும்" என்றார்.