அமெரிக்காவில் உங்கள் முதல் இன்டர்நெட் பில்: எதற்கெல்லாம் காசு போகிறது?

மாதம் 50 டாலர் என்று விளம்பரம் பார்த்துச் சேர்ந்திருப்பீர்கள். முதல் பில் அதைப்போல இரண்டு மடங்காக வந்து நிற்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதல் பில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

இங்கே வீட்டு இணையத்துக்கு வரும் மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்குவதுதான் பரவலான வழக்கம். பில் சுழற்சிக்கு நடுவில் இணைப்பு வாங்கினால், மீதமுள்ள நாட்களுக்கு ஒரு தொகை, அடுத்த முழு மாதத்துக்கு ஒரு தொகை என இரண்டும் ஒன்றாகச் சேரும். பில்லில் ‘ப்ரோரேட்டட்’ அல்லது ‘பார்ஷியல் மன்த்’ என்று ஒரு வரி இருந்தால் அது இதுதான். கூடவே இன்ஸ்டலேஷன் அல்லது ஆக்டிவேஷன் கட்டணம் ஒருமுறை வரும். ஆட்டோபே போட்டால் கிடைக்கும் தள்ளுபடி பல இடங்களில் இரண்டாவது பில்லிலோ அதற்குப் பிறகோதான் தொடங்கும். கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, இல்லாத புதியவர்களிடம் சில நிறுவனங்கள் டெபாசிட்டும் கேட்கும். அது எப்போது, எந்த வழியில் திரும்பி வரும் என்று சேரும்போதே கேட்டு வையுங்கள். ஆக, உண்மையான மாதச் செலவு எவ்வளவு என்று தெரிய மூன்றாவது பில்லைப் பார்க்க வேண்டும்.

சேருவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் சத்து விவரம் அச்சடித்த கட்டம் ஒன்று இருக்குமே, அதே தோற்றத்தில் ஒவ்வொரு இணையத் திட்டத்துக்கும் ஒரு லேபிள் காட்ட வேண்டும் என்பது எஃப்சிசி என்னும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலிலும் சிறிய நிறுவனங்களுக்கு அதே ஆண்டு அக்டோபரிலும் இது நடைமுறைக்கு வந்தது. மாதக் கட்டணம், அது அறிமுக விலையா, எத்தனை மாதம் நிற்கும், அப்புறம் எவ்வளவு, பாதியில் விலகினால் என்ன அபராதம், டேட்டா வரம்பு உண்டா, எல்லாம் அதில் இருக்கும். விற்பனைப் பிரதிநிதி போனில் சொல்வதை நம்புவதைவிட அந்த லேபிளை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது மேல். ஒரு வருடம் கழித்து பில் திடீரென்று 20, 30 டாலர் ஏறினால், அறிமுக விலை முடிந்திருக்கும். அதை அந்தப் படமே சொல்லிவிடும்.

வரி மாதிரி பெயர் வைத்த கட்டணங்கள் இன்னொரு குழப்பம். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஃபீ’, ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபீ’ என்றெல்லாம் பார்த்தால் அரசாங்கம் வாங்குவது போலத் தோன்றும். பெரும்பாலும் அது நிறுவனம் தனக்காகவே போட்டுக்கொண்ட தொகை. மாநிலங்களும் ஊர் நிர்வாகங்களும் இணைய இணைப்புக்கு வரி போட மத்தியச் சட்டம் தடை விதித்திருக்கிறது. 2016இல் அந்தத் தடை நிரந்தரமாகவும் ஆனது. எனவே நெட் மட்டும் வாங்கியிருக்கும் வீட்டில் வரி என்று பெரிய தொகை தெரிந்தால், டிவி அல்லது போன் சேவை ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உபகரண வாடகைக்குச் சில இடங்களில் வரி உண்டு. டிவி சேர்த்து வாங்கியவர்கள் ‘ப்ராட்காஸ்ட் டிவி ஃபீ’ என்ற கட்டணத்தையும் கவனியுங்கள். அதுவும் அரசாங்க வரி அல்ல.

சரி, உபகரண வாடகைக்கு வருவோம். மாதாமாதம் கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் கரைவது இதில்தான். ‘ஈக்விப்மென்ட் ரென்டல்’, ‘கேட்வே’, ‘வைஃபை சர்வீஸ்’ என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். பொதுவாக மாதம் 10 முதல் 15 டாலர் வரை இருக்கும். 15 என்று வைத்தால் வருடத்துக்கு 180 டாலர். இரண்டு வருடம் கட்டினாலும் பெட்டி உங்களுடையது ஆகாது.

வெளியிலிருந்து கேபிளில் வரும் சிக்னலை இணையமாக மாற்றுவது மோடம். அதை வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்புவது ரவுட்டர். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் கேட்வே. கேபிள் நிறுவனத்தின் இணைப்பு என்றால் இரண்டையும் நீங்களே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லா மோடமும் ஒத்துவராது. அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் மாடல் எண் இருக்க வேண்டும். இப்போது வாங்குவதாக இருந்தால் கேபிள் மோடங்களின் தொழில்நுட்பத் தரமான டாக்ஸிஸில் 3.1க்குக் கீழே போகாதீர்கள். பழைய மோடம் யாராவது விற்றால் கவனம்: அது ஒரு நிறுவனத்தின் வாடகைப் பெட்டியாக இருந்தால் உங்கள் பெயரில் ஆக்டிவேட் செய்ய மாட்டார்கள்.

ஃபைபர் இணைப்பில் கதை வேறு. மோடத்தின் வேலையைச் செய்ய, சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ஓஎன்டி என்ற பெட்டி பொதுவாக நிறுவனத்தின் சொத்து. ரவுட்டரை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ள முடியும், அதுவும் எல்லா நிறுவனங்களிலும் இல்லை. செல்போன் நிறுவனங்களின் 5ஜி வீட்டு இணைப்பில் அவர்கள் பெட்டிதான், பெரும்பாலும் தனி வாடகை இருக்காது.

வாங்குவதா, வாடகையா? ஒரு வருடத்துக்கு மேல் அதே வீட்டில் கேபிள் இணைப்போடு இருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு புராஜெக்ட் மாறலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். போகிற வீட்டில் ஃபைபர் இருந்தால் மோடம் பெட்டிக்குள் தூங்கும். சில திட்டங்களில் அவர்கள் பெட்டியை வைத்திருந்தால்தான் டேட்டா வரம்பு நீங்கும் என்றும் இருக்கும். அங்கே வாடகையே மலிவாக முடியலாம்.

சொந்தமாக வாங்கிய பிறகும் வாடகைக் கட்டணம் பில்லில் நீடித்தால், கெஞ்ச வேண்டியதில்லை. நிறுவனம் தராத பெட்டிக்கும், நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்ட பெட்டிக்கும் வாடகை வாங்கக் கூடாது என்று 2019இல் ‘டெலிவிஷன் வியூவர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட்’ என்ற மத்தியச் சட்டம் இயற்றினார்கள். 2020 டிசம்பர் 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கஸ்டமர் சர்வீஸில் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. வீடு மாறும்போது நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். பெட்டியை ரூம்மேட்டிடம் விட்டுவிட்டு, அவர் கொடுத்துவிடுவார் என்று நம்பிப் போய்விடுகிறார்கள். அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. பெட்டி வந்து சேரவில்லை என்றால் ‘அன்ரிட்டர்ன்ட் ஈக்விப்மென்ட்’ என்று நூறு டாலருக்கு மேல்கூட விழலாம். கட்டாமல் விட்டால் பாக்கியை வசூலிக்கும் கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போய், அப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும் உங்கள் கிரெடிட் ஸ்கோரில் கறையாக உட்கார்ந்துவிடும். ஆகவே நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டியின் சீரியல் எண்ணையும் பவர் அடாப்டரையும் போட்டோ எடுங்கள். ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகருவதற்கு முன் பாருங்கள். கூரியரில் அனுப்பினால் டிராக்கிங் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். கடைசி பில் வந்து கணக்கு முடிந்த பிறகும் ஒரு வருடமாவது அந்த ரசீது இருக்கட்டும்.

மற்ற சில்லறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் இலவசம் என்று ஒட்டவைத்த ஆன்டிவைரஸ், வைஃபை எக்ஸ்டெண்டர், டெக் சப்போர்ட் திட்டங்கள் இரண்டாவது மாதம் காசு கேட்கும். காகித பில்லுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். போனில் ஆளிடம் பேசிப் பணம் கட்டினால் அதற்கும் இருக்கலாம். டெக்னீஷியன் வந்து, கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில்தான் என்று சொன்னால் வருகைக்குப் பணம் கேட்பார்கள். வரச் சொல்லும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

பில்லில் புரியாத கட்டணம் வந்தால் போனைவிட சாட் நல்லது, பேசியது எழுத்தில் நிற்கும். இது எதற்கு, எந்தத் தேதியிலிருந்து, யார் சம்மதித்தது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். விலை ஏறியதுதான் பிரச்சினை என்றால் இணைப்பை ரத்து செய்வது பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள், தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் அங்கேதான் கூடுதல். அதிலும் நடக்கவில்லை என்றால் எஃப்சிசியின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். சாதாரணப் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், விசா நிலையையும் கேட்க மாட்டார்கள். புகாரை ஆணையம் நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகு 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே, சாதாரண கஸ்டமர் சர்வீஸில் கிடைக்காத ஓர் அதிகாரி உங்களுக்கு நேரடியாகப் போன் செய்வார்.